அட்டையின் உள்பக்கம்

எங்கள் வீட்டில் எந்தப் பத்திரிகைக்கும் முதலில் ஆயுள் முடிவது அட்டைக்குத்தான். வெள்ளிக்கிழமை வந்த இதழ் செவ்வாய்க்கிழமைக்குள் நான்கு கை மாறியிருக்கும். பக்கத்து வீட்டு மாமி திருப்பிக் கொடுக்கும்போது கம்பிப் பின் தளர்ந்து, அட்டை தனியாகத் தொங்கும். அடுத்த வாரம் அது மோர்ச் சொம்புக்கு மூடி. அதற்கடுத்த வாரம் அலமாரித் தட்டில் விரிப்பு. ஜூன் மாதமாக இருந்தால் என் கணக்குப் புத்தகத்துக்குச் சட்டை.

யாரும் அலட்சியக்காரர்கள் இல்லை. பாட்டி தொடர்கதைகளைச் சேர்த்தவள். 1950 அக்டோபரில் ‘கல்கி’யில் பொன்னியின் செல்வன் தொடங்கியபோது அவளுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம். கதை வீராணம் ஏரிக்கரையில் ஆரம்பிக்கிறது. அவள் பிறந்த ஊர் காட்டுமன்னார்கோவில் பக்கம். சொந்த ஊர் ஏரி அச்சில் வந்துவிட்டது என்றால் சும்மா இருப்பாளா? 1954 மே வரை வாரம் தவறாமல் அந்தப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து, கடலூர் திருப்பாப்புலியூரில் ஒரு பைண்டரிடம் கொடுத்து ஐந்து பாகமாகக் கட்டி வைத்தாள். காலிகோ முதுகு, மூலைகளில் சிவப்புத் துணி. இன்றும் திடமாக இருக்கிறது.

மூன்றரை ஆண்டு. 180 இதழ்களுக்கு மேல். ஒரே ஓர் அட்டைகூட மிஞ்சவில்லை.

பைண்டர் மூன்று பக்கமும் கத்தி வைத்துச் சீராக வெட்டியிருக்கிறார். தொழில் அப்படித்தான். இரண்டாம் பாகத்தில் ஒரு படத்தின் ஓரத்தில் ‘மணி’ என்று மட்டும் இருக்கிறது. ‘யம்’ கத்தியோடு போய்விட்டது. ஓவியர் மணியத்தின் கையெழுத்தில் பாதியைத் தின்ற அந்தக் கத்தியை நினைத்துத்தான் நான் பழைய பத்திரிகை சேர்க்க ஆரம்பித்தேன் என்று யாராவது கேட்டால் சொல்வதுண்டு. கேட்க நன்றாக இருக்கும். உண்மை அவ்வளவு அழகாக இல்லை.

உண்மை என்னவென்றால், முப்பது வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி காந்தி வீதிச் சந்தையில் செருப்பு வாங்கப் போனேன். ஞாயிறு அன்று அந்த வீதி முழுக்கத் தார்ப்பாய் விரித்துக் கடை போட்டிருப்பார்கள். சட்டை, பெல்ட், பாத்திரம், பூட்டு, பழைய புத்தகம். செருப்புக் கடைக்குப் பக்கத்துத் தார்ப்பாயில் மூன்று அம்புலிமாமா கிடந்தன. அட்டையோடு. உள்ளே வழக்கம்போல உருவிய வாளோடு, தோளில் வேதாளத்தைச் சுமந்து நடக்கும் விக்கிரமன். மாதாமாதம் சங்கர் வரைந்த படம். அந்த மூன்றையும் வாங்கிக்கொண்டு பழைய செருப்போடு கடலூர் திரும்பினேன்.

அந்தத் திரும்பும் பயணத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். புதுச்சேரியிலிருந்து கனமான பையோடு கடலூர் பஸ்ஸில் ஏறுகிறவனை உலகம் ஒரே கண்ணோடுதான் பார்க்கும். அரியாங்குப்பம், தவளக்குப்பம், கன்னியக்கோவில் என்று பஸ் வந்து, எல்லைச் சோதனைச் சாவடியில் நிற்கும். மது பாட்டில் தேடி ஒரு காவலர் ஏறுவார். ஒரு முறை என் பை அடி வரிசையில் பருமனாக, செய்தித்தாள் சுற்றி, கயிறு கட்டிக் கிடந்தது. நானே காவலராக இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பேன்.

“என்ன இது?”

“பழைய புத்தகம் சார்.”

“பிரியுங்கள்.”

பிரித்தேன். மேலாக இருந்தது ஓர் அம்புலிமாமா. அவர் எடுத்து அட்டையைப் பார்த்தார், பிறகு ஒரு பக்கம் புரட்டினார், பிறகு இன்னொன்று. பஸ் மொத்தமும் காத்திருந்தது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்து எடுத்தார். “இதை இன்னும் போடுகிறார்களா?” என்று கேட்டார் காவலர். “இல்லை சார், நின்றுபோய் விட்டது” என்றேன். 1947 ஜூலையில் பிறந்த பத்திரிகை. அப்போது நின்று இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல், பிரித்த செய்தித்தாளை அவரே சுற்றிக் கொடுத்துவிட்டு இறங்கினார். முடிச்சு மட்டும் சரியாகப் போடவில்லை.

சேர்ப்பதில் எனக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. வரைந்த அட்டை மட்டும்தான் எடுப்பேன். புகைப்பட அட்டை வேண்டாம். எழுபதுகளுக்குப் பிறகு ஆப்செட் அச்சும் வண்ணப் புகைப்படமும் எளிதானதும், ஓவியர்கள் அட்டையை விட்டு மெல்ல உள்ளே தள்ளப்பட்டார்கள். வாசலுக்கு நடிகைகள் வந்தார்கள். அதில் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த அட்டைகளைப் பார்த்தால் யார் படத்துக்கு அந்த வாரம் விளம்பரம் தேவைப்பட்டது என்பதுதான் தெரிகிறது. வரைந்த அட்டையில் அந்த வாரம் தமிழ்நாட்டு வீட்டுக் கூடத்தில் என்ன நடந்தது என்பது தெரியும்.

அதிலும் தலை சாய்த்து நிற்கும் அழகிகள் எனக்கு இரண்டாம்பட்சம். ஓவியர் மாருதியின் கைத்திறனை யாரும் மறுக்க முடியாது. அவருடைய பெண்கள் கண் நிறைய ஈரத்தோடு பார்ப்பார்கள், எல்லோரும் அக்கா தங்கை மாதிரி இருப்பார்கள். எனக்குப் பிடித்தது விகடனின் நகைச்சுவை அட்டைகள். கோபுலு ஒரு கூட்டத்தை வரைந்தால், கடைசி வரிசையில் பாதி முகம் தெரிகிறவனுக்கும் அந்த நேரத்தில் செய்ய ஒரு வேலை கொடுத்திருப்பார். கல்யாணப் பந்தி என்றால் ஒருவர் அப்பளத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார், ஒருவர் பக்கத்து இலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அச்சில் பார்க்க இரண்டு நிமிடம். சிரித்து முடிக்க ஒரு வாரம். பிற்காலத்தில் வலக்கை செயலிழந்ததும் இடக்கையால் வரையப் பழகிக்கொண்ட மனிதர் அவர். அதைப் படித்த பிறகு, ‘தோள் வலிக்கிறது, பரணில் ஏற முடியாது’ என்று வீட்டில் சாக்குச் சொல்லக் கூசுகிறது.

அட்டை ஜோக் என்றால் விளையாட்டு இல்லை. 1987 மார்ச்சில் எம்.எல்.ஏ.க்களையும் மந்திரிகளையும் கிண்டல் செய்து விகடன் அட்டையில் வந்த ஒரு ஜோக்குக்காக, ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குச் சட்டசபை மூன்று மாதச் சிறைத் தண்டனை கொடுத்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் விட்டுவிட்டார்கள். அவர் நீதிமன்றத்துக்குப் போய் வென்றார். எண்பதுகளின் விகடன்களில் எனக்கு மிகச் சுலபமாகக் கிடைத்த இதழ் அதுதான். நான்கு பிரதி வைத்திருக்கிறேன். காரணம் எளிது. அந்த ஒரு வாரம் மட்டும் யாரும் அட்டையை மோர்ச் சொம்புக்குப் போடவில்லை.

அட்டையில் படம் போட்டு அரசாங்கத்தைச் சீண்டும் வழக்கத்துக்கு எங்கள் பக்கத்து ஊர்தான் பழைய முகவரி. பாரதி ஆசிரியராக இருந்த ‘இந்தியா’, சென்னையில் கைது அபாயம் வந்ததும் 1908 அக்டோபரில் புதுச்சேரிக்கு இடம் மாறியது. பிரெஞ்சுக்காரர் மண், ஆங்கிலேயப் போலீஸ் நேராகக் கை வைக்க முடியாது. தமிழில் கருத்துப்படத்தை ஒரு வழக்கமாக்கிய பத்திரிகை அது. படத்தைப் போட்டுவிட்டு, ‘சித்திர விளக்கம்’ என்று உள்ளே விவரமாக எழுதுவார்கள்; படம் பார்த்துப் பொருள் கொள்வது தமிழ் வாசகனுக்கு அப்போது புதிய பழக்கம். ஆங்கிலேய எல்லைக்குள் வரவிடாமல் தடுத்ததும் சந்தா குறைந்து, 1910 மார்ச்சில் நின்றது. அதில் ஓர் இதழாவது கையில் கிடைக்காதா என்று யாரும் என்னிடம் கேட்காதீர்கள். ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதி இருந்த வீட்டு நினைவகத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவதோடு சரி. நம்முடைய வசதிக்கு நயா பைசாக் காலம் போதும்.

நயா பைசா என்றதும் நினைவுக்கு வருகிறது. என்னிடம் உள்ளவற்றில் கால்வாசிக்கு மேல் பெயரோ தேதியோ கிழிந்தவை. அவற்றுக்கு வயது சொல்வதுதான் இந்தப் பித்தில் உண்மையான சுகம். ஓர் உதாரணம்.

போன வருடம் வந்த ஓர் அட்டை. மேலே பெயர் இருந்த பட்டை முழுக்கக் கரையான் கணக்கில் போயிற்று. விடியற்காலை, ஒரு பெண் குனிந்து கோலம் போடுகிறாள், பூசணிப்பூவைச் சாணத்தில் செருகக் காத்திருக்கும் ஒரு குழந்தை, கால் மாற்றி நிற்கிறது. அந்தக் கால் மாற்றி நிற்பதற்காகவே வாங்கினேன். உருப்பெருக்கி வைத்துப் பார்த்தால் படம் முழுக்கச் சின்னச் சின்னப் புள்ளி. ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு பிளாக், அதாவது அச்சுத் தகடு, செய்து, ஒன்றன் மேல் ஒன்றாக அடிப்பார்கள். தாள் ஒரு நூல் நகர்ந்தால் போதும், வண்ணம் விலகிவிடும். இதில் சிவப்பு விலகியிருக்கிறது. குழந்தையின் ரிப்பன் தலையைவிட்டுச் சற்றே தள்ளி, காற்றில் தொங்குகிறது. ஓவியர் பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். எனக்கு அந்த ரிப்பனைத் திரும்ப அதன் இடத்தில் வைக்க மனம் வராது.

சரி, வயது? விலை ‘25 ந.பை.’ என்று மூலையில் இருக்கிறது. நயா பைசா 1957 ஏப்ரலில் வந்தது; 1964 ஜூனில் ‘நயா’ உதிர்ந்து வெறும் பைசா ஆயிற்று. ஆக, நடுவில் ஏழு மார்கழி. பின்னட்டை விளம்பரத்துக்குக் கீழே பொடி எழுத்தில் ‘விகாரி ௵’ என்று தமிழ் வருடம் தப்பியிருந்தது. விகாரி என்றால் 1959 ஏப்ரல் முதல் 1960 ஏப்ரல் வரை. அதில் ஒரே ஒரு மார்கழிதான் உண்டு. பிடித்துவிட்டேன். 60 வருடம் கழித்து அதே விகாரி திரும்பி வந்து முடிகிற சமயத்தில்தான், 2020இல், ‘கல்கி’ அச்சில் வருவதை நிறுத்தியது. கணக்குப் போட்டுப் பார்த்தபோது கொஞ்ச நேரம் பேனாவை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

விலையும் வருடமும் போயிருந்தால் எழுத்தைப் பார்ப்பேன். ணை, லை, னை ஆகியவை யானைத் துதிக்கை மாதிரி மேலே வளைந்திருந்தால், 1978இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வருவதற்கு முந்தியதாக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்வேன். ஆணை வந்த மறுநாளே எல்லா அச்சகமும் பழைய எழுத்தைக் குப்பையில் கொட்டிவிடவில்லை.

பலருக்குக் குறையாகத் தெரியும் ஒன்று எனக்கு லாபம். அட்டையின் மேல் மூலையில் பென்சிலால் ‘14’, ‘7அ’, ‘டாக்டர் வீடு’ என்றெல்லாம் இருக்கும். ஏஜெண்டுப் பையன் சைக்கிளில் கிளம்புமுன் போட்ட கதவு எண். சுத்தமான பிரதி தேடும் சேகரிப்பாளர்கள் இதைப் பார்த்தால் விலை குறைப்பார்கள், சிலர் ரப்பர் வைத்து அழிப்பார்கள். அழிப்பவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை. முழு இதழிலிருந்து அட்டையை மட்டும் கத்தரித்து, சட்டம் போட்டு, கடற்கரைப் பக்கத்துக் காபிக் கடைகளுக்கு விற்பவர்களோடும் இல்லை. பாட்டியின் பைண்டர் கதைக்காக அட்டையை விட்டார்; இவர்கள் அட்டைக்காகக் கதையை விடுகிறார்கள். கத்தி ஒன்றுதான்.

நான் மட்டும் யோக்கியனா? ஆரம்பத்தில் செய்த பாவங்களைச் சொல்கிறேன். முதல் பத்து அட்டைகளை லேமினேஷன் செய்தேன். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக். இனி எந்த ஜென்மத்திலும் பிரிக்க முடியாது. உள்ளே ஒரு கொப்புளம் கிளம்பி வருடா வருடம் வளர்கிறது. கிழிசல்களுக்கு ஒட்டிய செல்லோ டேப் ஐந்தாறு வருடத்தில் உதிர்ந்துவிட்டது. அதன் பசை மட்டும் தேன் நிறத்தில் கோடு கோடாகத் தங்கிவிட்டது. இப்போது எதையும் ஒட்டுவதில்லை. துருப்பிடித்த பின்னை மட்டும் மெல்ல நிமிர்த்தி எடுத்துவிட்டு, வெள்ளை நூலால் இரண்டு தையல். நடுநடுவே வைப்பதற்குப் புதுச்சேரி ஆசிரமத்துக் கைக்காகிதம். பருத்தித் துணியிலிருந்து செய்வது, அமிலம் கிடையாது. பத்திரிகைத் தாள் மரக்கூழ். அதற்குள்ளேயே அமிலம் ஊறி, தன்னைத் தானே பழுப்பாக்கிக்கொள்ளும். பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். இராமபாணப் பூச்சிக்கு வசம்பு. அந்துருண்டை வேண்டாம் என்று வீட்டில் தடை. அந்த வாடை எனக்கும் ஆகாது.

இவ்வளவும் தானே புயலுக்குப் பிறகு கற்ற பாடம்.

2011 டிசம்பர் 30. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே புயல் கரையேறிய விடியற்காலை. பத்திரிகைகள் மொட்டை மாடி அறையில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, எட்டு டிரங்குப் பெட்டிகளிலும் இரண்டு மர அலமாரிகளிலும் இருந்தன. காற்று இரைச்சலில் கூரை போன சத்தம்கூடத் தனியாகக் கேட்கவில்லை. காலையில் மேலே போனால் அறைக்கு வானம்தான் கூரை. தெருவில் ஒரு மரமும் நிற்கவில்லை. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து, மனிதர்கள் வாழ்நாள் சம்பாத்தியத்தை ஒரு ராத்திரியில் இழந்து நின்ற நேரம். என் இழப்பைச் சொல்ல வாய் வருமா? யாரிடமும் சொல்லவில்லை. மாடியில் உட்கார்ந்து பெட்டிகளைத் திறந்தேன்.

நான் பெருமையாக வைத்திருந்தவை தீபாவளி மலர்கள். வழவழப்பான ஆர்ட் தாள், பெரிய அளவு, முழுப்பக்க வண்ணப் படங்கள். அலமாரியின் நடுத்தட்டில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால். அவைதான் முதலில் செத்தன. ஆர்ட் தாளின் மேல் பூசிய வெள்ளைப் பூச்சு நனைந்தால் பசையாகிவிடும். காய்ந்தால் பக்கங்கள் ஒன்றோடு ஒன்று இறுகிப் பலகையாகிவிடும். பதினொரு மலர்கள், பதினொரு பலகைகள். தட்டினால் கதவு தட்டுகிற சத்தம். மட்டமான பத்திரிகைத் தாளோ, தண்ணீரைக் குடித்து உப்பியதே தவிரப் பிரிய மறுக்கவில்லை. எங்கள் தெருவுக்கு மின்சாரம் வரப் பதினேழு நாள் ஆயிற்று; மின்விசிறி கிடையாது. கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கொடி கட்டி, துணி கிளிப்பில் அட்டைகளைத் தொங்கவிட்டேன். பக்கங்களுக்கு நடுவே அன்றன்றைய செய்தித்தாளைக் கிழித்துச் செருகினாள் என் மனைவி. அந்தப் பித்தைப் பற்றி அத்தனை வருடம் அவள் சொன்ன எதையும் அந்தப் பதினேழு நாளில் சொல்லவில்லை. புயல் செய்தியும் படமுமாக வந்த தாள்கள் ஈரத்தில் ஊறி, அவற்றின் மை சில அட்டைகளின் பின்புறத்தில் தலைகீழாகப் பதிந்திருக்கிறது. கண்ணாடியில் காட்டினால் ‘கடலூர்’ என்று படிக்கலாம்.

ஒரு பலகையை மட்டும் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறேன். வரும் குழந்தைகள் என்னவென்று கேட்பார்கள். மலர் என்று சொன்னால் சிரிக்கிறார்கள்.

இப்போது சந்தையில் விலை ஏறிவிட்டது. கைபேசியில் படம் எடுத்து வெளியூருக்கு அனுப்பி, அங்கிருந்து விலை கேட்டு வந்த பிறகுதான் என்னிடம் சொல்கிறார் என் பழைய கடைக்காரர். “அண்ணே, அட்டை இல்லாதது இருபது ரூபாய். அட்டை உள்ளது இருநூற்றைம்பது. உங்களுக்காக இருநூறு.” ஒரு காலத்தில் இவர் அட்டையோ உள்பக்கமோ, எல்லாவற்றையும் எடைக்குப் போட்டவர். “அப்போதே என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா அண்ணே? வீட்டில் ஒரு அறை நிறைய இருந்தது” என்று என்னையே குற்றம் சொல்கிறார்.

சென்ற சித்திரையில் அவர் ஒரு கட்டு பாடப்புத்தகங்களைத் தள்ளினார். மஞ்சக்குப்பத்தில் ஒரு பழைய வீட்டைக் காலி செய்தபோது வந்ததாம். பத்திரிகை எதுவும் இல்லை. சும்மா புரட்டினேன். மூன்றாவதாக ஒரு கணக்குப் புத்தகம். பழுப்பேறிய தாளில் சட்டை. வெளியே தெரிந்தது ஏதோ தைல விளம்பரமும் ஒரு குறுக்கெழுத்துப் புதிரில் பாதியும். நடுவில் நீல மசியில் ஒரு பெண்ணின் பெயர், நான்காம் பாரம் (அந்தக் கால ஒன்பதாம் வகுப்பு), ‘ஆ’ பிரிவு.

எனக்குச் சட்டென்று என் பள்ளி ஞாபகம் வந்தது. படம் வெளியே தெரிய அட்டை போட்டுக்கொண்டு வந்தால் எங்கள் வாத்தியார் வகுப்புக்கு வெளியே நிற்க வைப்பார். ‘பாடம் படிக்க வந்தாயா, பொம்மை பார்க்க வந்தாயா?’ அதனால் எல்லா வீட்டிலும் படத்தை உள்ளே திருப்பித்தான் போடுவார்கள்.

நகத்தால் மடிப்பைத் தளர்த்தி அரை அங்குலம் விலக்கினேன். உள்ளே வெயில் படாத, கை படாத சிவப்பு. நேற்று அச்சானது போல இருந்தது. ஒரு சேலை முந்தானையின் ஓரம், வெள்ளி மெட்டி போட்ட ஒரு பாதம், அதற்குப் பக்கத்தில் ஓவியரின் கையெழுத்தின் முதல் எழுத்து.

“பாடப்புத்தகம் உங்களுக்கு எதற்கு அண்ணே?” என்றார் கடைக்காரர். பத்து ரூபாய் கொடுத்தேன்.

பிரிக்கவில்லை. மடிப்பில் தாள் முறிகிற பதத்தில் இருக்கிறது. முழுக்க விரித்தால் நாலாகப் போகும். புத்தகம் மேசை மேல், கைக்காகிதத்தில் சுற்றி இருக்கிறது. என் மனைவி வாரம் ஒருமுறை கேட்கிறாள், அந்தப் பெண் யாராக இருப்பாள் என்று. சேலைக்காரியையா, நான்காம் பாரத்துக்காரியையா என்று நான் திருப்பிக் கேட்பதில்லை.